பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர், பிறந்த ஊரா? (நாகூர் ஹனிபா, ராம்நாட் கிருஷ்ணன், பூச்சி ஐயங்கார்)

ஜூலை 2, மாலை. தேவிபட்டினத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டது

பள்ளி ஆண்டு மலரில் ‘நம் மாவட்டம் தந்த இசைவாணர்கள்’ என்று ஒரு பக்கம் போடுகிறோம். நாகூர் ஹனிபாவைச் சேர்த்திருந்தேன். "அவர் நாகூர்காரர், நாகப்பட்டினம் மாவட்டம்" என்று சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இராமநாதபுரத்தில் பிறந்தவர் என்று எங்கோ படித்த ஞாபகம். சரிதானா? பெயரும் ஹனிபாவா, ஹனீபாவா, அனிபாவா? பட்டியலில் இருக்கும் மற்றவர்கள்: பூச்சி சீனிவாச ஐயங்கார், சி.எஸ். சங்கரசிவம், சி.எஸ். முருகபூபதி, ராம்நாட் கிருஷ்ணன். சீக்கிரம் அச்சுக்குப் போக வேண்டும்.

ஜூலை 2, இரவு

சரிதான் டீச்சர். இராமநாதபுரம் வெளிப்பட்டணத்தில் பிறந்தவர், 25 டிசம்பர் 1925. மறைந்தது சென்னையில், 8 ஏப்ரல் 2015. இயற்பெயர் இஸ்மாயில் முகம்மது ஹனிபா. வாப்பா வழியில் நாகூர், அதனால் மேடையில் நாகூர். சிவப்பு மை போட்டவரிடம் இதைச் சொல்லுங்கள்.

எழுத்து விஷயம் நாளைக்கு. கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகை புரூஃப் நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பெரியப்பாவின் இனிஷியலை நாலாவது தடவையாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 3, காலை

அந்தப் பட்டியலை இப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

இராமநாதபுரத்தில் பிறந்த ஹனிபாவை அடித்த பேனா, ராம்நாட் கிருஷ்ணனைத் தொடவே இல்லை. அவர் பிறந்தது ஆலப்புழையில், 1918-இல். கேரளம்! பெயரில் ‘ராம்நாட்’, அதாவது ஆங்கிலத்தில் இராமநாதபுரம், இருக்கிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஹனிபா பெயரில் நாகூர் இருக்கிறது, அதனால் அவர் வெளியே. அட்டையில் இருக்கிற ஊரைப் பார்த்து ஆளை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தால் தாலுகா ஆபீஸ் கணக்கு மாதிரிதான் போகும்.

பாட்டு உலகில் பெயருக்கு முன் நிற்கும் ஊர் சில சமயம் பிறந்த ஊர், சில சமயம் வளர்ந்த ஊர், சில சமயம் தகப்பன் வழி ஊர், சில சமயம் பேர் வாங்கிக் கொடுத்த ஊர். காரைக்குடி சாம்பசிவ ஐயர், வீணைச் சகோதரர்களில் இளையவர், பிறந்தது புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில். மதுரை சேஷகோபாலன் பிறந்தது நாகப்பட்டினத்தில். அதாவது இராமநாதபுரத்தில் பிறந்தவருக்கு நாகூர், நாகப்பட்டினத்தில் பிறந்தவருக்கு மதுரை. அந்த மதுரைக்காரர் பாட்டுப் படித்தது யாரிடம்? இராமநாதபுரம் சங்கரசிவத்திடம். சுற்றிச் சுற்றி நம் ஊருக்கே வருகிறது.

ஜூலை 3, மதியம்

தொண்டியிலிருந்து ஒருவர்: "அப்படியானால் கிருஷ்ணனை எடுத்துவிடலாமே, ஆலப்புழைக்காரர்தானே?"

வேண்டாம் காக்கா (நம் பக்கத்தில் அண்ணன்). இங்கே வளர்ந்தவர், சங்கரசிவத்திடம் படித்தவர். 1960-களில் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கப் போனபோதும் பெயரோடு ராம்நாட் போயிற்று. நான்சச் நிறுவனம் அங்கே வெளியிட்ட இசைத்தட்டின் அட்டையிலும் ராம்நாட்தான். கர்நாடக இசையை முதல் தடவையாக அந்தத் தட்டில் கேட்ட வெள்ளைக்காரர்கள் பலருக்கு ‘ராம்நாட்’ என்பது ஊர் என்றே தெரிந்திருக்காது, அவருடைய முதல் பெயர் என்று நினைத்திருப்பார்கள்.

அவரை எடுப்பதைவிடப் பக்கத்தின் தலைப்பை மாற்றுவது சுலபம். ‘தந்த’ என்ற சொல்தான் வம்பு. ‘நம் மண்ணோடு சேர்ந்தவர்கள்’ என்று போட்டால் இரண்டு பேருக்கும் இடம் இருக்கும். ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு வரி: பிறந்த ஊர், பெயரில் உள்ள ஊர், அது எப்படி வந்தது. பிள்ளைகளுக்கும் அதுதான் சுவாரஸ்யம்.

ஜூலை 3, இரவு

இனிஷியலுக்கு வருவோம். ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "சி.எஸ். என்றால் சிவகங்கை, அவர்கள் சிவகங்கைக்காரர்கள்." அடித்துச் சொல்கிறார் வேறு!

இல்லை. சங்கரசிவமும் முருகபூபதியும் அண்ணன் தம்பி. தகப்பனார் பெயர் சித்சபை சேர்வை. ஆங்கிலத்தில் எழுதினால் அதன் முதல் எழுத்துகள் சி, எஸ். அவ்வளவுதான், ஊர் எதுவும் அதில் ஒளிந்திருக்கவில்லை. தம்பி முருகபூபதியின் காலம் 1914 முதல் 1998 வரை. பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை, இவர் என மூவரையும் மிருதங்க மும்மூர்த்திகள் என்பார்கள். அந்த மூன்று பேரில் ஒருவர் நம் ஊர்க்காரர் என்பது இங்கே மிருதங்கம் படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழில் எழுதும்போது சி.எஸ். என்றே விடுங்கள். ‘சி.சே.’ என்று தமிழ்ப்படுத்தினால் தூய்மையாக இருக்கலாம், ஆனால் எந்தக் கச்சேரி நோட்டீஸிலும் அப்படி ஒருவர் இருந்ததில்லை. நாளைக்கு யாராவது தேடினால் கிடைக்க மாட்டார்.

இன்னொன்று. நம் கடற்கரையில் முதலெழுத்தைத் தகப்பன் பெயர் என்று கண்ணை மூடிக்கொண்டு விரிக்கவும் முடியாது. அப்துல் கலாமையே எடுத்துக்கொள்ளுங்கள். அவுல், பக்கீர், ஜெயினுலாப்தீன்: மூன்று எழுத்தில் மூன்று தலைமுறை நிற்கிறது. ஜெயினுலாப்தீன் தகப்பனார், மற்ற இரண்டும் அதற்கு மேலே. இராமேசுவரத்தில் இது சாதாரணம். வெளியூர்க்காரர்தான் ‘அவுல் என்பது எந்த ஊர்?’ என்று கேட்பார்.

ஜூலை 4, காலை

ஹனிபாவின் ‘இ.எம்.’ பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். "இஸ்மாயில் என்றால் ஆங்கிலத்தில் ஐ அல்லவா வர வேண்டும்?"

நம் ஆட்கள் தமிழ் எழுத்தின் ஒலியை வைத்து ஆங்கிலம் எழுதுகிறவர்கள். ‘இ’ என்று சொல்லிப் பாருங்கள், ஆங்கில எழுத்து வரிசையில் அது ஐந்தாம் எழுத்து. கீழக்கரையில் இஸ்மாயில், இப்ராகிம், இத்ரீஸ் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஐந்தாம் எழுத்து, மீதிப் பேருக்கு ஒன்பதாம் எழுத்து. என் மச்சினர் ஒருவருக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று. துபாய்க்குப் போக வேண்டிய நேரத்தில் ஓர் அலுவலகத்தில் "இரண்டும் ஒரே ஆள் என்று எழுதி வாங்கி வா" என்று அலைய விட்டார்கள். உம்மா வைத்த பெயர் ஒன்றுதான், காகிதத்தில் ஆள் இரண்டு.

அதனால் தமிழில் ‘இ.எம்.’ என்று போட்டால் சண்டையே இல்லை. ஆங்கிலத்தில் வேண்டுமானால் ஐந்தாம் எழுத்து. கேசட் காலத்து அட்டைகளில் ஹனிபாவுக்கு ஓர் எஃப் போட்டவர்களும் உண்டு, இரண்டு எஃப் போட்டவர்களும் உண்டு. தேடும்போது இரண்டையும் தேடுங்கள்.

ஜூலை 4, காலை, இன்னும் கொஞ்சம்

ஹனிபா, ஹனீபா, ஹனீஃபா, அனிபா. அரபியில் ‘னீ’ நெடில்தான். மதரஸாவில் படித்தவர்கள் ஹனீஃபா என்று ஆய்தம் சேர்த்து எழுதுவார்கள், ஒலிக்கு அதுவே நெருக்கம். நம் தெருவில் அனிபா பாய். தி.மு.க. மேடைச் சுவரொட்டியிலும் தர்கா விழா நோட்டீஸிலும் ஊர் அறிந்தது ‘நாகூர் ஹனிபா’.

என் கட்சி: ஆள் எந்த எழுத்தில் ஊருக்குத் தெரிந்தாரோ அந்த எழுத்து. ஆலிம்கள் (மார்க்கம் படித்தவர்கள்) கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒலிச் சுத்தம் ஓதும்போது வேண்டும், நோட்டீஸில் வேண்டாம். ஆனால் ஒரே பக்கத்தில் மேலே ஹனிபா, படத்துக்குக் கீழே ஹனீபா என்று வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலர்களில் நான் அதிகம் பார்க்கிற அலங்கோலம் அதுதான். கட்டுரையை ஒருவர் எழுதுவார், படவிளக்கத்தை இன்னொருவர் எழுதுவார்.

ஜூலை 5, இரவு

இன்று வந்த கேள்வி நல்ல கேள்வி. "ஹனிபா பிறந்தது 1925 என்றால் இறக்கும்போது 89. எங்கள் வீட்டுப் பெரியவர் தொண்ணூறைத் தாண்டியவர் என்று சாதிக்கிறார். யார் சரி?"

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். பிறையை வைத்து எண்ணும் ஹிஜ்ரி வருஷம் சூரிய வருஷத்தைவிடப் பதினொரு நாள் குறைவு. முப்பத்து மூன்று வருஷத்துக்கு ஒரு வருஷம் கூடிவிடும். 25 டிசம்பர் 1925 என்பது ஹிஜ்ரி 1344, ஜமாதுல் ஆகிர் மாதம். 8 ஏப்ரல் 2015 என்பது ஹிஜ்ரி 1436, அதே ஜமாதுல் ஆகிர். கழித்துப் பாருங்கள்: 92 நிறைந்துவிட்டது. ஆங்கிலக் கணக்கில் 89, பிறைக் கணக்கில் 92. வாப்பா காலத்து ஆட்கள் வயதைப் பிறையில்தான் வைத்திருந்தார்கள். அந்த வயதைக் கேட்டுக்கொண்டு வந்து ஆங்கில ஆண்டில் கழித்தால் பிறந்த வருஷம் 1923 என்று இரண்டு வருஷம் பின்னே போய்விடும். அப்புறம் அதையே இன்னொருவர் எடுத்து எழுதுவார்.

கீழக்கரை மையவாடியில் (அடக்கத்தலத்தில்) என் மாமாவோடு மீசான் கல், அதாவது கபர் மேல் நட்ட கல், படித்துத் திரிந்திருக்கிறேன். குடும்ப வரலாறு எழுதுகிறேன் என்று அவருக்கு ஒரு பைத்தியம். உப்புக் காற்று கல்லைத் தின்றுவிடும், நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கல்லில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு வெயில் பக்கவாட்டில் விழும்போது குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். எழுத்து மெல்ல எழும்பி வரும். அதிலும் ஒரு கண்டம் உண்டு. அரபு எண்ணில் இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு கொம்புதான் வித்தியாசம். கொம்பு தேய்ந்தால் 1330 என்பது 1320 ஆகிவிடும். ஒரு கொம்பில் பத்து வருஷம்! மாமா விரல் நுனியால் தடவிப் பார்ப்பார், கண்ணை நம்ப மாட்டார். எங்கள் மூத்தாப்பா ஒருவருக்கும் அவர் தம்பிக்கும் நடுவில் இருந்த வயது வித்தியாசம் அப்படித்தான் நேரானது.

ஜூலை 6, காலை

"பூச்சி என்ற பட்டப்பெயரை எடுத்துவிடலாமா? பிள்ளைகள் சிரிக்கிறார்கள்" என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

சிரிக்கட்டும். பூச்சி போனால் ஆளே போய்விடுவார். சீனிவாச ஐயங்கார் என்று தமிழ்நாட்டில் ஆயிரம் பேர். பட்டப்பெயருக்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், சுருதியோடு இழைந்த ரீங்காரம் என்பது அதில் பிரபலமானது. கதையைப் போட வேண்டாம், பெயரைப் போடுங்கள்.

இவர் அசல் இராமநாதபுரத்துக்காரர். பிறந்தது இங்கேயே, 16 ஆகஸ்ட் 1860. மறைந்தது 20 ஜூலை 1919. பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சிஷ்யர், சேதுபதி சமஸ்தான வித்வான், அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு. பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் உங்கள் பள்ளியில் இருந்தால், மோகன ராகத்து வர்ணம் ‘நின்னுகோரி’ பாடச் சொல்லுங்கள். அவர் இயற்றியதுதான். சிரிக்கிற பிள்ளைகளே அதைப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

இவரைப் புத்தகங்களில் தேடுவதே தனிப் பாடு. ஒரு நூலின் பெயர் அகராதியில் ‘ஸ்ரீனிவாச’, இன்னொன்றில் ‘சீனிவாச’, வேறொன்றில் ‘பூச்சி’, நாலாவதில் ‘இராமநாதபுரம்’. அந்த இராமநாதபுரமும் சில நூலில் இகரத்தில், சில நூலில் ரகரத்தில். ஐயங்காருக்கு ஐகாரமா, ‘அய்’யா என்று இன்னொரு தகராறு. ஓரிடத்தில் இல்லை என்றதும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

எந்த எழுத்து? பாட்டில் தன் பெயராக அவர் வைத்த முத்திரை ஸ்ரீனிவாச. தமிழ் நூல்களில் சீனிவாச என்றும் நிறைய உண்டு. மலர் முழுக்க கிரந்தம் இல்லாமல் வருகிறது என்றால் சீனிவாச, இல்லையென்றால் ஸ்ரீனிவாச. ஆனால் பழைய பாமினி எழுத்துருவில் அடித்துவிட்டு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினால் ‘ஸ்ரீ’ உடைந்து வரும், பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். போன வருஷம் ஒரு கோயில் நோட்டீஸில் பெருமாள் பெயரே உடைந்து வந்தது, நல்ல வேளை புரூஃபில் கண்ணில் பட்டது.

ஜூலை 6, மதியம்

பூச்சி ஐயங்கார் தேதிக்கு ஒரு சரிபார்ப்பு செய்தேன். தமிழ் வருஷக் கணக்கில் 1860 ஆகஸ்ட் என்பது ரௌத்திரி, ஆவணி பிறந்த ஒட்டில். ரௌத்திரி திரும்ப வருவது 1920-இல். அவர் மறைந்தது அதற்கு முந்தைய சித்தார்த்தி வருஷத்து ஆடியில். ஆக, அறுபதாம் கல்யாண வயதை எட்டவில்லை, 58 நிறைந்து ஒரு மாதம் குறைய 59. யாராவது அவருக்கு அறுபது, எழுபது என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

வருஷப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கில ஆண்டு போடுகிறவர்களுக்கு இன்னொரு பள்ளம்: அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர். ‘ரௌத்திரி’ என்று மட்டும் ஒரு பழைய நோட்டில் இருந்தால் 1860-ஆ, 1920-ஆ என்பதைக் குருவையும் சிஷ்யனையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிஷ்யர் அரியக்குடி பிறந்தது 1890-இல். குரு 1920-இல் பிறக்க முடியாது. இப்படித்தான் பிடிக்க வேண்டும், வேறு வழியில்லை.

ஜூலை 7

யாரோ, "இவ்வளவு எதற்கு, இணையத்தில் அடித்தால் வருகிறதே" என்கிறார். வருகிறது. ஒருவர் எழுதியதை இருபது பேர் எடுத்துப் போட்டிருந்தால் அது இருபது சாட்சி ஆகாது, ஒரு சாட்சிதான். இசைத்தட்டின் அட்டை, அந்தக் காலத்து நோட்டீஸ், குடும்பத்தார் வெளியிட்டது, சிஷ்யர்கள் எழுதியது: இதில் ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாத இரண்டு ஒத்துப்போனால் எனக்குப் போதும்.

சிவப்பு மைக்காரர் என்ன சொன்னார் டீச்சர்?

ஜூலை 8, மாலை

டீச்சர் பதில் போட்டிருக்கிறார். ஹனிபா உள்ளே. தலைப்பும் மாறுகிறது. ஆனால் சிவப்பு மைக்காரர் விடவில்லை, இப்போது "அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் இராமநாதபுரம் மாவட்டம் என்று பழைய புத்தகத்தில் இருக்கிறது, அவரை ஏன் சேர்க்கவில்லை" என்கிறாராம்.

புத்தகத்தில் தப்பில்லை. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்துப் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். 1985-இல் அதிலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் தனியாகப் போயின. அதனால் 1985-க்கு முந்தைய நூல் எதிலும் ‘இராமநாதபுரம் மாவட்டம்’ என்றிருந்தால் அது காரைக்குடியாக இருக்கலாம், அருப்புக்கோட்டையாக இருக்கலாம், ராஜபாளையமாகக்கூட இருக்கலாம். அரியக்குடி காரைக்குடிக்குப் பக்கம், இன்று சிவகங்கை. அவர் பிறந்த 1890-இல் பார்த்தால் இந்த மாவட்டமே கிடையாது, மதுரை மாவட்டம்.

ஜூலை 8, இரவு

பக்கத்தில் போக வேண்டிய வரிகளை அடித்துக் கொடுத்துவிட்டேன், இங்கேயும் போடுகிறேன். திருத்தம் இருந்தால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள்.

பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் (1860–1919). பிறந்தது இராமநாதபுரம். சமஸ்தான வித்வான். மோகன வர்ணம் இயற்றியவர்.

சி.எஸ். சங்கரசிவம். இராமநாதபுரம். சித்சபை சேர்வையின் மகன். ராம்நாட் கிருஷ்ணன், மதுரை சேஷகோபாலன் ஆகியோரின் ஆசிரியர்.

சி.எஸ். முருகபூபதி (1914–1998). சங்கரசிவத்தின் தம்பி. மிருதங்க மும்மூர்த்திகளில் ஒருவர்.

ராம்நாட் கிருஷ்ணன் (1918–1973). பிறந்தது ஆலப்புழை, வளர்ந்தது இங்கே.

நாகூர் இ.எம். ஹனிபா (1925–2015). பிறந்தது இராமநாதபுரம் வெளிப்பட்டணம், குடும்ப ஊர் நாகூர்.

ஜூலை 9, காலை

முருகபூபதியில் ‘பூ’ நெடில், குறிலாக அடித்துவிட்டார்களாம். மாற்றச் சொல்லிவிட்டேன். அரியக்குடியைப் பூச்சி ஐயங்கார் வரியில் ‘அரியக்குடியின் குரு’ என்று சேர்த்துக்கொள்ளலாம், தனி வரி வேண்டாம். பக்கத்தில் இடமும் இல்லை, சிவகங்கைக்காரர்களோடு வம்பும் வேண்டாம். படங்கள் டீச்சர் பொறுப்பு. கிருஷ்ணன் என்று போட்டுத் தேடினால் வேறு கிருஷ்ணன் படம்தான் முதலில் வரும், மிருதங்கம் இருக்கிறதே என்று அதையே எடுத்துப் போட்டுவிட வேண்டாம். இவர் வாய்ப்பாட்டுக்காரர்.